கைக்குட்டையின் மறுமுனை

பலியோமிலோ
3 அக்டோபர் 1971

அன்புள்ள தெர்ப்சிக்கோரி,

உன் முகவரியைச் சதுக்கத்தில் உன் அப்பாவைப் பார்த்துத்தான் வாங்கினேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கிளாரினெட் பெட்டியின் உள்மூடியில் யாரையோ கொண்டு பென்சிலால் எழுதி வைத்திருந்தார். பெட்டியைத் திறந்து என் பக்கம் திருப்பினார், பார்த்து எழுதிக்கொண்டேன்.

மாதா திருவிழா முடிந்த மறுநாளே நீ ஏதென்ஸ் பஸ்ஸில் ஏறிவிட்டாய் என்று ரொட்டிக் கடையில் சொன்னார்கள். முதலில் நம்பவில்லை. ஏதாவது வேலையாக யோவானினா வரை போயிருப்பாய், வந்துவிடுவாய் என்று நினைத்தேன். ஏழு வாரமாகிறது.

இங்கே எல்லாம் பழையபடிதான். வால்நட் உலுக்கி, தோலுரித்து முடித்தோம். என் விரலெல்லாம் கறுப்பு, எலுமிச்சை தேய்த்தும் போகவில்லை. மலைமேல் பனி விழத் தொடங்கிவிட்டது. ஈஸ்டர் கழிந்ததும் எனக்கும் நாசோஸுக்கும் கல்யாணம் என்று பேசியிருக்கிறார்கள். அவன் இப்போது இரண்டாவது மர லாரியும் வாங்கிவிட்டான். அவன் அம்மா என்னை நன்றாகத்தான் நடத்துகிறாள்.

திருவிழாவன்று நடந்ததை நீ மனதில் வைத்திருப்பாய் என்று தோன்றுகிறது. அன்றைக்கு வெயில் எப்படி இருந்தது என்று உனக்கே தெரியும். கை வியர்த்திருந்தது, கைக்குட்டை நழுவிவிட்டது. வட்டம் வேகமெடுத்த நேரம். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் பின்னால் வந்தவள் என் கையைப் பிடித்துவிட்டாள். அவ்வளவுதான். நீ கொஞ்சம் ரோஷக்காரி, அதனால் பெரிதாக எடுத்துக்கொண்டிருப்பாய் என்று அம்மா சொல்கிறாள்.

கல்யாணத்துக்கு நீ வர வேண்டும். உன் அப்பாதான் வாசிக்கப் போகிறார்.

உன்
அரெத்தி


ஏதென்ஸ்
17 அக்டோபர் 1971

அரெத்தி,

கைக்குட்டை நழுவாது. அதை இரண்டு விரலில் சுற்றி, கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்போம். வியர்த்தால் துணி இன்னும் இறுகும். இதை உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். பழைய ஆலைக்குப் பின்னால், நமக்குப் பத்து வயது இருக்கும்போது, என் அப்பா வீட்டில் பழகிக்கொண்டிருந்த வாசிப்பு சன்னல் வழியாக வர வர, உன் காலைப் பிடித்து எடுத்து வைத்தேன். உன் குடும்பத்துக்கு முன்னால் நீ ஆடுகிற ஆட்டம் முழுவதும் வாத்தியக்காரர் தெருவில் கற்றது. அதை உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாயா?

நீ எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன்.

பிற்பகல். சதுக்கத்தின் நடுவில் வாத்தியக்காரர்கள், அவர்களைச் சுற்றி வட்டம். அந்த வட்டத்தில் லாப்பா குடும்பமான உங்களுக்கு இடம் உண்டு. நாசோஸ் வீட்டுக்கு உண்டு. முப்பது வருடத்துக்கு முன் அமெரிக்கா போய், பாஷையையே பாதி மறந்து வந்தவனுக்கும் உண்டு. முந்நூறு வருடமாக நடுவில் உட்கார்ந்து வாசிக்கிற எங்களுக்குக் கிடையாது. நாங்கள் ஜிப்சிகள். வாசிக்கலாம், சாப்பாடு மிஞ்சினால் சாப்பிடலாம். நான் இடம் கேட்கவும் இல்லை. அப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து, அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

நீதான் வந்தாய். அன்றைக்கு உன் முறை, நீ முதலாளாக வட்டத்தை இழுத்துப் போக வேண்டும். "வாடி, எனக்கு அடுத்து நீ நில்லு. எவ என்ன சொல்றான்னு பாத்துக்கலாம்" என்றாய். கைக்குட்டையின் மறுமுனையை என் கையில் திணித்தாய். உன் கண்ணில் அப்படி ஒரு குஷி. நான் நம்பினேன்.

ஒன்றரைச் சுற்று ஆடினேன். எண்ணி வைத்திருக்கிறேன். அப்புறம் மறுமுனையில் கனம் இல்லை. துணி என் கையில் தொங்கியது. எனக்குப் பின்னால் இருந்தவள் என்னைத் தோளால் ஒதுக்கிவிட்டு உன் கையைப் பிடித்தாள். வட்டம் மூடிக்கொண்டது. நான் உள்ளே, வாத்தியக்காரர் பக்கம் நின்றேன். இருக்க வேண்டிய இடத்தில்.

உன்னை விடு. அப்பா நிறுத்தவில்லை, அரெத்தி. பார்த்தார். என் கண்ணை நேராகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே வேகத்தைக் கூட்டினார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பஸ் டிரைவரிடம் முகவரியைக் கொடுத்தனுப்பினேன், அவ்வளவுதான். அவருக்கு நான் எழுதுவதில்லை.

எனக்குப் பேர் வைத்தது ஓல்கா டீச்சர். ஊரில் வேறு யாரும் முன்வராததால் அந்த அம்மாள் எனக்கு ஞானத்தாயாக நின்றாள். நடனத்தின் தேவதை பேர் என்று பெருமையாகச் சொல்லுவாள். வகுப்பில் எல்லோரும் சிரிப்பார்கள். நீயும் சிரித்தாய்.

தறி ஆலையில் வேலை. நாங்கள் மூன்று பெண்கள் ஒரே அறையில் இருக்கிறோம். உன் கைக்குட்டை என்னிடம்தான் இருக்கிறது. நூலில் முடி சிக்காமல் இருக்க அதைத்தான் தலையில் கட்டுகிறேன். நல்ல துணி.

கல்யாணத்துக்கு வரமாட்டேன்.

தெ.


பலியோமிலோ
9 நவம்பர் 1971

அன்புள்ள தெர்ப்சிக்கோரி,

உன் கடிதத்தை எரித்துவிட்டேன். அம்மா கண்ணில் படக்கூடாது என்று. எரித்த பிறகும் எல்லா வரியும் ஞாபகம் இருக்கிறது.

சரி. நழுவவில்லை. விட்டேன். கோஸ்மாஸ் பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ராணுவ ஆட்சி வந்து அவரை ஊர்த் தலைவராக உட்கார வைத்ததிலிருந்து அவர் எப்படி என்று உனக்குத் தெரியும். அவர் பார்த்த பார்வையில் எனக்குக் கை மரத்துவிட்டது. நான் என்ன செய்ய முடியும், சொல். என்னை மட்டுமா, உன் அப்பாவையும் அடுத்த திருவிழாவுக்குக் கூப்பிடாமல் விட்டிருப்பார்.

உன் அப்பாவைப் போய்ப் பார்த்தேன். உங்கள் வீட்டு வாசலைப் பத்து வருடமாக நான் மிதிக்கவில்லை என்பது அங்கே போய் நின்றபோதுதான் உறைத்தது. சின்ன வயதில் பின்பக்கமாக வருவேன், பெரியவளானதும் அதுவும் நின்றுவிட்டது. அவர் பதறிப்போய், இருந்த ஒரே நல்ல நாற்காலியைத் துடைத்துப் போட்டார். காப்பி போட்டுக் கொடுத்தார். நான் உட்காரும்வரை உட்காரவில்லை. என் அப்பாவைவிட மூத்தவர். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

தெஃபி அடிக்கும் உன் சித்தப்பாவுக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது. அந்தத் தோல் கொட்டு சுவரில் தொங்குகிறது. இப்போது அப்பாவும் வயலின்காரரும் மட்டும்தான் போகிறார்கள்.

நீ எழுதியதை நான் சொல்லவில்லை. ஆனால் கேட்டேன். அன்றைக்கு ஏன் நிறுத்தவில்லை, மாந்தோஸ் ஐயா என்று கேட்டேன். காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். அப்புறம் சொன்னார்:

"வாத்தியம் ஓடுற வரைக்கும் சனங்க காலைத்தாம்மா பாப்பாங்க. நிறுத்திட்டா மூஞ்சியப் பாப்பாங்க. எம்பொண்ணு மூஞ்சி அப்போ அப்படி இருந்துச்சு."

இதை உனக்கு எழுத வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம். என்னை மன்னிக்க வேண்டாம். அவருக்கு இரண்டு வரி போடு.

அரெத்தி


ஏதென்ஸ்
22 பிப்ரவரி 1972

அரெத்தி,

உன் கடிதம் வந்து மூன்று மாதமாகிறது. பதில் எழுத உட்காருவேன், அப்பாவுக்குத்தான் முதலில் எழுத வேண்டும் என்று தோன்றும், இரண்டையும் எழுதாமல் எழுந்துவிடுவேன். இப்போது அவருக்கு எழுதவே முடியாதபடி ஒரு காரியம் செய்துவிட்டேன். சொல்ல வேறு ஆளில்லை.

இங்கே நம் மலைப்பக்கத்து ஆட்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. ஆலையில் என்னோடு வேலை செய்கிற பெண் கூட்டிப் போனாள். முதல் நாளே, எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று கேட்டார்கள். நம் ஊர்ப் பேரைச் சொன்னேன். குடும்பம்? என் வாயிலிருந்து லாப்பா என்று வந்தது. உன் குடும்பப் பேர். யோசித்துச் சொன்னதில்லை. வந்துவிட்டது. அதன்பிறகு நான் உன் சித்தப்பா மகள்.

நாலு மாதம் ஆடினேன். கையை நீட்டினால் கை கிடைத்தது. வெறும் ஒரு பேரை மாற்றிச் சொன்னேன், அதற்கே ஒரு சங்கம் முழுவதும் கை நீட்டியது. அப்படியானால் இவர்கள் கண்ணுக்கு என் காலில் என்ன குறை இருந்தது? கோபம் வந்தது. கோபத்தோடேயே ஆடினேன். நன்றாக ஆடுகிறாள், லாப்பா வீட்டு ரத்தம் என்றார்கள்.

நோன்புக்கு முந்தைய ஞாயிறு பிற்பகல், ஒரு கல்யாண மண்டபத்தில் சங்கத்தின் விழா. ஊரிலிருந்து வாத்தியம் வருகிறது என்று மட்டும் சொன்னார்கள். எனக்கு முதலாள் இடம் கொடுத்திருந்தார்கள். மேடைப் பக்கம் முதுகு காட்டிக் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தேன். கிளாரினெட் முதல் மூச்சை இழுத்தது.

அந்த மூச்சை எனக்குத் தெரியாதா?

திரும்பினேன். அப்பா. அதே சாம்பல் கோட்டு. என்னைப் பார்த்துவிட்டார். சங்கத் தலைவர் ஒரு குஷிக்காரர், அவர் தோளில் தட்டி, "என்ன மாந்தோஸ், உங்க ஊர்ப் பொண்ணுதான், தெரியுதா?" என்று கேட்டார். வயதானவரை டேய் போடாத குறை. அப்பா கிளாரினெட்டை இறக்கினார். என்னை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "பெரிய வீட்டுப் புள்ளைங்கள நாங்க எங்கய்யா பாத்திருக்கப் போறோம்" என்றார்.

எனக்காகச் சொன்னார். நான் வாய் திறக்கவில்லை.

ஆடினேன். ஆலைக்குப் பின்னால் நாம் ஆடுவோமே, அந்த மெட்டைத்தான் வாசித்தார். முடியும்போது முதலாள் வாத்தியக்காரருக்குப் பணம் ஒட்ட வேண்டும், உனக்குத் தெரியும். தலைவர் என் கையில் நோட்டைத் திணித்து, போம்மா, ஒட்டு என்று தள்ளினார். எல்லோரும் கை தட்டினார்கள். போனேன். நோட்டை நாக்கில் ஈரம் பண்ணி என் அப்பாவின் நெற்றியில் ஒட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார். மூடிக்கொண்டே வாசித்தார். அவருடைய நெற்றி சூடாக இருந்தது. சின்ன வயதில் காய்ச்சலா என்று தொட்டுப் பார்ப்பேன், அதே நெற்றி.

நீ ஒன்றரைச் சுற்றில் விட்டாய். நான் அதைவிடக் கீழே போய்விட்டேன்.

தெர்ப்சிக்கோரி


பலியோமிலோ
12 மார்ச் 1972

கோரி,

உன் அப்பா உன்னைக் கூப்பிடுவது போலக் கூப்பிடுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் கடிதத்தைப் படித்தபோது முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, அதை மறைக்கப் போவதில்லை. என் குடும்பப் பேரை எடுத்துக்கொண்டாளா என்று கோபம். ஏதோ நான் சேர்த்து வைத்த சொத்து மாதிரி. அந்தக் கோபம் வந்த நிமிடத்தில்தான் நான் யார் என்று எனக்கே தெரிந்தது. அதனால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

கோஸ்மாஸ் பெரியப்பா பார்க்கவில்லை. அவர் அப்போது ஆட்டுத் தலையைக் கடித்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு முதுகு. நாசோஸின் அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. முதல் சுற்று முடியும்போது, யாராவது சொல்லுவார்கள், இதோ சொல்லப் போகிறார்கள் என்று காத்திருந்தேன். ஒருத்தரும் சொல்லவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. அப்புறம் எனக்கே உன் கை என் கைக்குப் பக்கத்தில் அசிங்கமாகத் தெரிந்தது. ஆமாம், அந்தச் சொல்தான். நான்தான் கட்டைவிரலை எடுத்தேன்.

உன் அப்பா ஏதென்ஸிலிருந்து வந்து ஒன்றும் சொல்லவில்லை. சாலையில் பார்த்து, கோரியைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். நல்லா ஆடுறாம்மா என்று மட்டும் சொன்னார்.

ஏப்ரல் 30 கல்யாணம். மணப்பெண் ஆட்டத்தில் ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், கூப்பிடப்பட்டவர் வந்து கைக்குட்டையின் மறுமுனையைப் பிடிக்க வேண்டும். நான் உன் பேரைச் சொல்லப் போகிறேன். நீ வந்தாலும் வராவிட்டாலும். சத்தமாக, எல்லோர் முன்னாலும். இதை யாரிடமும் சொல்லவில்லை, உனக்குத்தான் எழுதுகிறேன்.

அரெத்தி


ஏதென்ஸ்
2 ஏப்ரல் 1972

அரெத்தி,

உண்மையை எழுதினாய். அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆனாலும் பெரியப்பாவைச் சாக்குச் சொன்னதைவிட இது பரவாயில்லை. இதோடு என்னால் பேச முடியும்.

போன ஞாயிறு நடைபாதையில் பழைய புத்தகக் கடை. ஒரு பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒன்பது தேவதைகளின் படம் இருந்தது. என் பேர்க்காரியைத் தேடினேன். ஒருத்தி முகமூடி வைத்திருக்கிறாள், ஒருத்தி சுருள் வைத்திருக்கிறாள். நடனத்தின் தேவதை என்ன செய்கிறாள் தெரியுமா? உட்கார்ந்திருக்கிறாள். கல்மேல் உட்கார்ந்து, மடியில் யாழை வைத்து மீட்டிக்கொண்டிருக்கிறாள். கால் ஒன்றோடொன்று சேர்ந்து அப்படியே இருக்கிறது. ஆடுகிறவர்கள் படத்திலேயே இல்லை. ஓல்கா டீச்சர் இந்தப் படத்தைப் பார்த்திருப்பாளா என்று தெரியவில்லை. அங்கேயும் வாத்தியக்காரிதானா என்று கடை வாசலிலேயே எரிச்சலாகச் சிரித்தேன். கடைக்காரர் முறைத்தார்.

கல்யாணத்துக்கு வரமாட்டேன். உன் தைரியத்துக்கு நான் சாட்சியாக நிற்க வேண்டியதில்லை. பேரைச் சொல்கிறேன் என்றாய், சொல். மாந்தோஸின் மகள் என்றும் சேர்த்துச் சொல். ஆள் இல்லாத பேரைச் சொல்வது எளிது. அந்த எளிதையாவது செய்.

அப்பாவுக்கு இன்னும் எழுதவில்லை. என்ன என்று எழுதுவது?

தெ.


பலியோமிலோ
14 மே 1972

கோரி,

இரண்டு வாரமாக எழுதாமல் இருந்தேன். இப்போது நான் நாசோஸ் வீட்டில் இருக்கிறேன், எழுத மேசையும் கதவும் உண்டு. சாக்குச் சொல்ல இடமில்லை.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. உன் அப்பாவும் வயலின்காரரும் கோயில் வாசலிலிருந்து சதுக்கம் வரை வாசித்துக்கொண்டே வந்தார்கள். மணப்பெண் ஆட்டம் தொடங்கியது. மாமியாரைக் கூப்பிட்டேன், அம்மாவைக் கூப்பிட்டேன், நாசோஸின் அக்காவைக் கூப்பிட்டேன். ஒவ்வொருவரும் ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அடுத்தது, அடுத்தது என்று தள்ளினேன். கடைசியில் கூப்பிட ஆளே மிச்சமில்லை.

அப்போது சொன்னேன். கோரி, நான் சொன்னேன், பொய்யில்லை. ஆனால் எனக்கே கேட்காத குரலில் சொன்னேன். கிளாரினெட் சத்தத்துக்குள் அது முழுகிவிட வேண்டும் என்ற கணக்கில்தான் சொன்னேன். சொன்ன மாதிரியும் இருக்கும், சொல்லாத மாதிரியும் இருக்கும்.

உன் அப்பா என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

வாத்தியம் நின்றது. நடு மெட்டில். அவர் கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்தார். என் வாழ்நாளில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. வயலின் இன்னும் இரண்டு இழுப்பு இழுத்து, திகைத்து, நின்றது. இருநூறு பேர். அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"யாரம்மா கூப்பிட்ட? சத்தத்துல சரியாக் கேக்கல" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார்.

உனக்கு நான் இன்னும் சில வரிகள் நல்லதாக எழுதலாம். ஏதென்ஸிலிருந்து இங்கே வந்து யார் சரிபார்க்கப் போகிறார்கள். ஆனால் நீ அந்த நோட்டை மறைக்காமல் எனக்கு எழுதினாய்.

"யாரையும் இல்ல. வாசிங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். வாசித்தார். அந்த மெட்டை விட்ட இடத்திலிருந்தே எடுத்தார். என் கையில் கைக்குட்டையின் மறுமுனை தொங்கிக்கொண்டிருந்தது, மாமியார் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். பொண்ணு களைத்துவிட்டாள் என்றார்கள்.

ஆட்டம் முடிந்து நோட்டு ஒட்டப் போனேன். கையை உயர்த்தியதும் அவர் முகத்தைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

"வேர்வையில ஒட்டாதும்மா. கையில குடு" என்றார்.

கையில் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பெட்டியை மூடிக்கொண்டு, பரிமாறுவதற்கு முன்பே கீழ்த்தெருவுக்கு இறங்கிப் போய்விட்டார்.

இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

அரெத்தி


ஏதென்ஸ்
20 ஜூலை 1972

அரெத்தி,

உன் கடிதத்தை உனக்காகப் பலமுறை படிக்கவில்லை. அப்பா நிறுத்திய இடத்துக்காகப் படித்தேன். நடு மெட்டில் நிறுத்தினார் என்று எழுதியிருக்கிறாய். எனக்காக நிறுத்தினார். நான் அங்கே இல்லாதபோது.

அந்த வாரமே சங்கத்துக்குப் போனேன். எழுந்து நின்று, நான் லாப்பா இல்லை, பிப்ரவரியில் இங்கே வாசித்தாரே மாந்தோஸ், அவருடைய மகள் என்று சொன்னேன். தலைவர் சிரித்தார், நான் வேடிக்கை பண்ணுகிறேன் என்று நினைத்து. அப்புறம் சிரிப்பு போய்விட்டது. யாரும் திட்டவில்லை, அவர்கள் நல்ல மனிதர்கள். அடுத்த ஞாயிறு ஆட்டம் எந்த இடத்தில் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். என்னைக் கூட்டிப் போன பெண் தன் கட்டிலை அறையின் அந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். சன்னல் காற்று வேண்டுமாம். சன்னல் என் பக்கத்தில் இருக்கிறது.

அப்பாவுக்கு எழுதினேன். மன்னிப்பு என்று எழுத வரவில்லை. தெஃபி யார் கையில் இருக்கிறது என்று கேட்டேன். சுவரில்தான் இருக்கிறது, தோல் தளர்ந்துவிட்டது, வெயிலில் வைத்தால் இறுகும் என்று பதில் போட்டார். எழுதத் தெரியாதவர். ஓல்கா டீச்சரைக் கொண்டு எழுதியிருக்கிறார்.

நீ செய்ததை நான் மன்னிக்கவில்லை. எனக்கு அந்த உரிமை இருக்கிறதா என்றும் தெரியவில்லை. நீ உன் வாயால் மறுத்தாய், நான் என் கையால் மறுத்தேன். நெற்றியின் சூடு இன்னும் விரலில் இருக்கிறது.

ஆகஸ்ட் 14 பஸ்ஸில் வருகிறேன். திருவிழாவுக்கு. ஆட மாட்டேன், பயப்படாதே. யாரும் எனக்குக் கை நீட்ட வேண்டாம். நடுவில், அப்பாவுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து சித்தப்பாவின் தெஃபியை நான் அடிக்கப் போகிறேன். பத்து நாளாகத் தறி ஓசைக்குள் அந்தத் தாளத்தைத்தான் தொடையில் தட்டிக்கொண்டிருக்கிறேன். புத்தகத்தில் என் பேர்க்காரி உட்கார்ந்திருந்ததைப் பார்த்துச் சிரித்தேன் இல்லையா, இப்போது சிரிப்பு வரவில்லை. அவள் எழுந்துவிட்டால் அங்கே ஆட்டம் கிடையாது.

நீ ஆடு. உன் இடம் உனக்கு. ஒவ்வொரு சுற்றிலும் என் முன்னால்தான் வர வேண்டும்.

உன் கைக்குட்டையைத் துவைத்துக் கொண்டுவருகிறேன். மடியில் வைத்திருப்பேன், அப்பாவின் நெற்றி வியர்த்தால் துடைக்க. அது உன்னுடையது, இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வேண்டுமானால் வாத்தியம் நின்ற நேரமாகப் பார்த்து, எல்லோர் முன்னாலும், என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டு வாங்கிக்கொள்.

தெர்ப்சிக்கோரி
மாந்தோஸின் மகள்